காலி ஊரில் ஸ்பெஷல் தரிசனம்

பாலிக்கா போகிறீர்கள், அக்கா? அதோ அந்தக் கேட்டில் தென்பசார் என்று எழுத்து ஓடுகிறதே, அதற்குத்தானே? நாங்கள் அங்கேயிருந்துதான் வருகிறோம். எங்கள் கேட் பக்கத்தில், திருச்சி. கோலாலம்பூரில் இறக்கிவிட்டு நாலு மணி நேரம் உட்கார் என்கிறார்கள்.

நீங்கள் தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்களா? சற்று முன் ஃபோனில் உங்கள் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னீர்கள். "சாப்ட்டம்மா. சாப்ட்டேன்னு சொல்றனில்ல. நெசமாத்தாம்மா, சாப்ட்டேன்." எப்படி? அச்சு அசலாக இல்லை? மூன்றாவதில் லேசாக அழுகை வரும், அதைத்தான் பிடிக்கக் கஷ்டப்பட்டேன். முகத்தைச் சுளிக்காதீர்கள் அக்கா, பாராட்டுத்தான் இது. எல்லோரையும் பண்ணமாட்டேன்.

இல்லை, பொய். எல்லோரையும் பண்ணுவேன்.

என் பெயர் சம்யுக்தா. பொள்ளாச்சி. பதினொன்றாவது முடித்திருக்கிறேன். எங்கள் பிரின்சிபால் குரலில் ஸ்பீக்கரில் பேசிப் பதினெட்டு டீச்சர்களை மொட்டை வெயிலில் கிரவுண்டுக்கு ஓடிவர வைத்தவள் நான்தான். கூட்டம் சேர்ந்தபின் பிரின்சிபாலும் ஓடிவந்தார். யார் கூப்பிட்டது என்று அவருக்கே சந்தேகம். இரண்டு வாரம் வீட்டில் உட்கார்த்தி வைத்தார்கள். அதைத் தண்டனை என்றா சொல்வது?

சரி, பாலி. கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் இப்படிச் சொல்லித் தரமாட்டார்கள். தரையில் சின்ன ஓலைத் தட்டில் பூ வைத்திருப்பார்கள். வீட்டு வாசல், கடை வாசல், ஸ்கூட்டர் சீட்டில்கூட இருக்கும். சாமிக்கு வைத்தது, மிதித்துவிடாதீர்கள். சில தட்டில் ஒரு மிட்டாய் இருக்கும். அதை எடுத்துத் தின்னாதீர்கள். நான் மூன்று தின்றேன், காபி வாசனை, சகிக்கவில்லை. குரங்குக் காட்டுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

ஆனால் ஒன்று. கெத்துட் என்று ஒரு கைடு இருக்கிறார். அங்கே நாலாவதாகப் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் அந்தப் பெயர்தானாம், அதனால் தெருவுக்குப் பத்துக் கெத்துட். நான் சொல்கிறவர் தமிழ் பேசுவார். தமிழ் பேசுகிற கெத்துட் வந்தால் மட்டும், "வேண்டாமுங்க" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இணையத்தில் அவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். "நம்பகமான ஆள் அல்ல" என்று எழுதியிருக்கிறேன். தெய்வமே என்று எல்லோரும் ஐந்து ஐந்தாகப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கும்.

என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? என் மேடையைப் பறித்தார். அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னார். சொல்கிறேன், வரிசையாக.

நாங்கள் இருபத்தேழு பேர். டூர் மேனேஜர் நாச்சிமுத்து அங்கிளையும் சேர்த்து. அவரையும் சேர்த்து என்பதை மனதில் வையுங்கள், ஏனென்றால் அவர் வைக்கமாட்டார். ஒவ்வொரு இடத்திலும் பஸ் கிளம்புமுன் எண்ணுவார். "இருவத்தி நாலு, இருவத்தஞ்சு, இருவத்தாறு... ஏனுங், ஒரு ஆளு கொறையுதுங்களே! ஐயோ, யாரைக் காணோமுங்?" தன்னை எண்ண மறந்துவிடுவார். தினமும். ஏழு நாளும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "உங்களைத்தானுங்!" என்று கத்துவோம். அதோ, மசாஜ் நாற்காலிக்குப் பக்கத்தில் மஞ்சள் தொப்பி, அவர்தான்.

முதல் நாள் பஸ்ஸில் மைக் என் கையில். நாச்சிமுத்து அங்கிளைப் பண்ணினேன். பிறகு ரங்கநாயகம் அங்கிள். அவருக்கு நூல் மில். எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்குவார். மலைச் சரிவில் படிக்கட்டு மாதிரி நெல் வயல், உலகமே வந்து படம் பிடிக்கிறது, இவர், "இதென்னங், நம்ம வால்பாறைல இல்லாததா?" எரிமலையைக் காட்டினால், "பொகையறதுக்கு இத்தன தூரம் வரோணுமா? நம்ம மில்லு பாய்லரப் பாத்தாப் போதாது?" அதையெல்லாம் மைக்கில் பண்ணிப் பண்ணி பஸ் குலுங்கியது. ரங்கநாயகம் அங்கிள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிலருக்கு ரசனை கிடையாது.

இரண்டாம் நாள் காலை அந்தாள் ஏறினார். தலையில் துணி, காதோரம் ஒரு பூ, நாற்பது வயசு இருக்கும், பல்லெல்லாம் சிரிப்பு. மைக்கை வாங்கினார். "ஏனுங், எல்லாத்துக்கும் வணக்கமுங். காத்தால டிபன் ஆச்சுங்களா? வெயிலு சுள்ளுன்னு அடிக்குதுங், தொப்பி எடுத்துக்கிட்டீங்களா?"

பஸ் கூரை பிய்ந்துவிட்டது அக்கா. எங்கள் ஊர்ப் பேச்சு! ஒரு வெள்ளை வேட்டியைச் சுற்றிவிட்டு உடுமலைச் சந்தையில் நிறுத்தினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பதினோரு வருஷமாகக் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களை அழைத்துக்கொண்டு சுற்றுகிறாராம். இந்தியாவைப் பார்த்ததே இல்லையாம். கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாராம். சுலோச்சனா ஆன்ட்டி, ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையர் ஆனவர்கள், சிரித்தே பார்க்காதவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ற தம்பி பேசற மாதிரியே இருக்குதே கண்ணு" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் அவர் கெத்து அண்ணன் ஆகிவிட்டார். என் அம்மா உட்பட. "கெத்து அண்ணா, முறுக்கு எடுத்துக்குங்." எனக்கு எடுத்துவைத்த முறுக்கு அது.

அதோடு விட்டாரா? மத்தியானம் நெல் வயலுக்குப் போகிற வழியில் மைக்கில், "இதென்னங், நம்ம வால்பாறைல இல்லாததா?" என்றார். என் அயிட்டம்! ஜன்னல் பக்கம் திரும்பிய அதே ரங்கநாயகம் அங்கிள் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எழுந்துபோய் அந்தாள் கையில் கடலை மிட்டாய் வேறு வைக்கிறார். ஒரே வசனம், ஒரே குரல். எனக்கு ஜன்னல், அவருக்குக் கடலை மிட்டாயா? இதற்கு நியாயம் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் நான் மைக்கைக் கேட்கவே இல்லை. யாரும் கொடுக்கவும் இல்லை. நாலாம் நாள், சரி, நேராகவே மோதிப் பார்க்கலாம் என்று முன்சீட்டுக்குப் போய் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டேன். "எல்லாரையும் பண்றீங்களே அண்ணா, என்னைப் பண்ணிக் காட்டுங்க பாக்கலாம்."

அந்தாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலியாகக்கூட இல்லை. ரொம்ப மரியாதையாக, "அம்மிணி, நீங்க எல்லாரு மாதிரியும் பேசறீங்க. நீங்களாப் பேசி நான் இன்னும் கேக்கலீங்களே. கேட்டாப் பண்றனுங்" என்றார்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. அம்மா கைதட்டினாள். பெற்ற அம்மா அக்கா. "நல்லாச் சொன்னீங் அண்ணா, பொறந்ததுல இருந்து நானும் அதைத்தான் தேடிட்டிருக்கறேன்" என்றாள்.

சிரியுங்கள், நீங்களும் சிரியுங்கள். ஆனால் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அவர் குரலை எடுத்துவிடுவது என்று. இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். "வாங்க" என்பதில் "வா" கொஞ்சம் நீளும். "ஸ்" வரும்போது நாக்கு பல்லில் படும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகினேன்.

அவர் வீடும் எங்கள் ஹோட்டலும் ஒரே சந்து. சந்துக் கோடியில் ஒரு கோயில், அதைத் தாண்டினால் கடல். ஐந்தாம் நாள் சாயங்காலம் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பின்பக்கம் புதிதாக நாலு அறை கட்டியிருந்தார். கைடு வேலையை விட்டுவிட்டு, வருகிற தமிழ் ஆட்களை அங்கேயே தங்கவைத்து, இட்லி சுட்டுப் போடப் போகிறாராம். பெண்டாட்டி எங்களோடு வந்த சமையல்காரரிடம் மாவு ஆட்டுவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்த்து ஒரு பலகை. மேலே மூடியிருந்த துணியை எடுத்தார். தமிழில் பச்சைப் பெயிண்டில், "கெத்துட் வீடு. வாங்க, இருங்க, சாப்பிடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். ரங்கநாயகம் அங்கிள் வால்பாறையை இழுக்கவே இல்லை. "எப்பங் தெறக்கறீங்?" என்று கேட்டார்.

"ஊர்க்கூட்டம் செரின்னு சொல்லோணுமுங். நிசப்த நாளு முடிஞ்சு மக்யா நாளு கூட்டமுங். எல்லாரும் செரின்னு சொல்லிட்டாங்க, பெரியவரு ஒருத்தருதான் யோசிக்கறாருங். 'வெளியாளுக வந்து சத்தம் போடுவாங்களே'ங்கறாரு. இல்லீங், என்ற ஆளுக நல்லவங்கன்னு சொல்லியிருக்கறனுங்."

நிசப்த நாள் தெரியுமா அக்கா? நீங்கள் போகிற நேரத்தில் இல்லை, தப்பித்தீர்கள். அவர்களுக்கு அது வருஷப் பிறப்பு. முந்தின நாள் தெருவெல்லாம் ராட்சச பொம்மை, தட்டு, தாளம், காது கிழியும். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து அடுத்த நாள் காலை ஆறு மணி வரைக்கும் ஒன்றும் கிடையாது. விளக்குக் கிடையாது, அடுப்புக் கிடையாது, வேலை கிடையாது, தெருவில் ஒரு ஆள் நடக்கக்கூடாது. விமானம்கூட இறங்காது. ஃபோனில் நெட் வராது. எங்கள் ஹோட்டல் வைஃபை மட்டும் இருந்தது. ரொம்பப் பேர் அன்றைக்கு வாயையே திறக்கமாட்டார்கள். கட்டம் போட்ட துணி கட்டிய காவல்காரர்கள் சந்து சந்தாகச் சுற்றுவார்கள்.

ஏன் என்று அந்தாள் பஸ்ஸில் சொன்னார். இது அவர் குரல், கேளுங்கள். "பேயெல்லாம் மேல பறந்து வருமுங். கீழ பாத்தா ஆளும் இல்ல, வெளக்கும் இல்ல, சத்தமும் இல்ல. 'அட, இது காலி ஊரு போலிருக்குது'ன்னு அப்பிடியே அக்கட்டால போயிருமுங்."

பார்த்தீர்களா, கையில் மயிர் சிலிர்க்கிறது உங்களுக்கு. அவ்வளவு சுத்தம்.

தினம் சாயங்காலம் நாச்சிமுத்து அங்கிள் தன் ஃபோனை நீட்டுவார், அந்தாள் மறுநாள் புரோகிராமை அதில் பேசுவார், அது எங்கள் வாட்ஸப் குரூப்புக்குப் போகும். நிசப்த நாளுக்கு முந்தின சாயங்காலம் பேசியது என்ன தெரியுமா? "நாளைக்குத் தயவு செஞ்சு ஆரும் வெளிய வராதீங். நான் ஊட்ல இருப்பனுங், பேசமாட்டனுங். உங்களுக்கு நான் பொறுப்புன்னு ஊருக்குச் சொல்லியிருக்கறனுங்."

நல்லபடியாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள் கட்டிய புளிசாதத்தைத் தின்றுவிட்டு வராந்தாவில் உலாத்துகிறார்கள். ரங்கநாயகம் அங்கிள் குசுகுசு என்று, அவர் குசுகுசுப்பு மூன்று மாடி கேட்கும், "ரூம்ல அடஞ்சு கெடக்கறதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்? நம்ம வால்பாறைல..." என்று ஆரம்பித்தார். நாச்சிமுத்து அங்கிள் என்னிடம் ஃபோனைக் கொடுத்து, "பாப்பா, எழுத்தெல்லாம் சின்னதாயிருச்சு, பெருசு பண்ணிக் குடு கண்ணு" என்றார்.

ஃபோன் என் கையில். குரல் என் தொண்டையில். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அறைக்குப் போய் பால்கனிக் கதவோரம் நின்று பேசினேன். "ஏனுங், எல்லாத்துக்கும் வணக்கமுங். இன்னிக்குக் கோயிலு ஆருக்கும் இல்லீங். ஆனா உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் தரிசனம் கேட்டு வாங்கியிருக்கறனுங். பத்து மணிக்கு, சமையல்கட்டுக் கதவு வழியா, சத்தமில்லாம வந்திருங்." இருபத்திரண்டு வினாடி. அனுப்பிவிட்டு எழுத்தைப் பெரிதாக்கி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் திட்டம் ரொம்பச் சின்னது அக்கா. பின்கதவில் வந்து கும்பலாக நிற்பார்கள், நான் மாடியிலிருந்து வீடியோ எடுப்பேன், பத்து நிமிஷம் நின்றுவிட்டு அசடு வழியத் திரும்புவார்கள். ஊருக்குப் போய் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம். கெத்து அண்ணனை அப்புறம் யார் நம்புவார்கள்? அவ்வளவுதான்.

ஆனால் ஸ்பெஷல் தரிசனம் என்று காதில் விழுந்த பிறகு நம் ஆட்கள் மிச்சத்தைக் கேட்பார்களா? குரல் முடியுமுன்பே பெட்டியைத் திறந்துவிட்டார்கள். பத்து மணிக்குப் பின்கதவில் பார்க்கிறேன், பட்டுப்புடவை! சுலோச்சனா ஆன்ட்டி தலையில் பூ. அம்மா என் பத்தாவது ரிசல்டுக்கு எடுத்த பச்சைப் பட்டு. பாலியில் தேங்காய் எங்கே பிடித்தார்களோ, ரங்கநாயகம் அங்கிள் கையில் தேங்காய்ப் பை. ஒரு நாடே கதவடைத்துக் கிடக்கும்போது தங்களுக்கு மட்டும் தனியாகத் திறப்பார்கள் என்பதில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை அவர்கள். ரங்கநாயகம் அங்கிள், "வரிசைல நிக்கறதுன்னா அப்பறம் என்னங் ஸ்பெஷல்?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு சந்தில் இறங்கிவிட்டார். பின்னாலேயே எல்லோரும். செருப்பில்லாமல், வரிசையாக. நான் மாடியிலிருந்து கூப்பிடலாம் என்றால் அந்த அமைதியில் எப்படிக் கத்துவது? படியில் இறங்கி ஓடினேன். சந்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. கடல் சத்தம் மட்டும். ஓலைத் தட்டுப் பூவெல்லாம் வாடிக் கிடந்தது. நான் கோயில் வாசலை அடையும்போது ரங்கநாயகம் அங்கிள் படியில் சூடத்தை ஏற்றிவிட்டார். தீயே மூட்டக்கூடாத நாளில், கொழுந்துவிட்டு எரிகிறது சூடம். அடுத்து தேங்காயை ஓங்கிப் படியில் போட்டார்.

அந்தச் சத்தம், அக்கா. நான் எந்தச் சத்தத்தையும் பண்ணிவிடுவேன். அதை மட்டும் முடியவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை நாயும் ஒரே சமயத்தில் குரைத்தது. எங்கேயோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

காவல்காரர்கள் வந்தார்கள். நாலு பேர். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒருவர் குனிந்து சூடத்தைத் தன் கையால் அணைத்தார். நடுவில் ஒரு பெரியவர், எழுபது இருக்கும், உடைந்த தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றார். நாச்சிமுத்து அங்கிள், "சார், வீ நோ மிஸ்டேக் சார். அவர் கைடு டெல்லிங், சார். கெத்துட், கெத்துட்" என்றார். பெரியவர் தலையை அசைத்தார். ஒருவர் போய் அழைத்து வந்தார். பத்து வீடு தள்ளித்தானே.

அந்தாள் வெறுங்காலோடு வந்தார். வெள்ளைத் துணி. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். எங்களைப் பார்த்தார், சூடக் கரியைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் விரதம் பேசாமல் இருப்பது.

நாச்சிமுத்து அங்கிள் ஃபோனை எடுத்தார். "நீங்கதானுங் சொன்னீங்! இதோ கேளுங்!" அவர் ஃபோன் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் இருக்கும். அந்தச் சந்தில், அந்த அமைதியில், என் குரல் எழும்பியது. அவர் குரல். அருமையாக இருந்தது அக்கா. அந்த மூச்சு இழுப்பு, அந்த "வா". ஒரு சினிமாக் கொட்டகையில்கூட இவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்காது. எல்லோரும் அப்படியே நின்று முழுதாகக் கேட்டார்கள், முதல் தடவையாக. "சத்தமில்லாம வந்திருங்" வரைக்கும்.

அதற்குப் பின்னால் இரண்டு வினாடி இருந்தது. எனக்கே தெரியாது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், தூரத்தில், "சம்மு, யாருகூடடி பேசிட்டிருக்கற? குளிச்சுட்டு வா" என்றது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இருபத்தாறு பேரும். ரசிகர்கள் அப்படித்தானே திரும்புவார்கள்?

பெரியவர் அந்தாளிடம் என்னவோ கேட்டார். அவர்கள் பாஷையில், ரொம்ப மெதுவாக. யார் குரல் என்றுதான் கேட்டிருக்க வேண்டும், ஃபோனைக் காட்டித்தானே கேட்டார். அந்தாள் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் அன்றைக்குப் பார்த்தாரே, அதே மாதிரி. எதற்கோ காத்திருக்கிற மாதிரி. நான் சொல்லியிருப்பேன் அக்கா, சத்தியமாக. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்த ஊர்க் காற்று அப்படி, உப்புக் காற்று, தொண்டையைக் கட்டிவிடும். நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள்.

அப்போது அந்தாள் வாயைத் திறந்தார். அவர்கள் பாஷையில் இரண்டு சொல், பெரியவரிடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில். "என்ற குரலுதானுங். நேத்தே பேசுனது, இன்னிக்கு வந்துருச்சு போல. என்ற தப்புங். எல்லாரும் ரூமுக்குப் போங்க."

கவனித்தீர்களா? என்ற குரலுதானுங்! அவர் வாயாலேயே! சொந்தக்காரனே தன் குரல் என்று ஒப்புக்கொண்டுவிட்டார் அக்கா. இதற்கு மேல் ஒரு கலைஞருக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்? பிரின்சிபாலாவது கொஞ்சம் சந்தேகப்பட்டார். இந்தாள் பேசாத விரதத்தை உடைத்துக்கொண்டு, ஊர் முன்னால், தன் குரல் என்றே நம்பிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போல இருந்தது. யாராவது ஒருவர் கைதட்டியிருக்கலாம்.

என்ன, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள்? கேட் இன்னும் திறக்கவில்லையே.

அப்புறமா? ஒன்றும் இல்லை. மறுநாள் பஸ்ஸில் வேறு கைடு. மூக்கால் இங்கிலீஷ் பேசுகிற ஒருத்தன். அவனைப் பண்ணுவதற்கு இரண்டு நிமிஷம் போதும், ஆனால் யாரும் கேட்கவில்லை. நாச்சிமுத்து அங்கிள் அவனிடம், கெத்து அண்ணன் எங்கே என்று விசாரித்தார். ஊர்க்கூட்டம் ஆகிவிட்டதாம். கோயிலுக்குத் திரும்பச் சுத்தி பண்ணவேண்டும், அதெல்லாம் அந்தாள் பொறுப்பு. நாலு அறைக்கும் அனுமதி கிடையாது. அழைத்து வருகிற விருந்தாளிகளை ஒரு நாள் அடக்கிவைக்கத் தெரியாதவர் வருஷம் முழுக்க எப்படி வைத்திருப்பார் என்றாராம் பெரியவர். விமான நிலையம் போகிற வழியில் பஸ் அந்த வீட்டைத் தாண்டிப் போனது. பலகை அங்கேயேதான் இருந்தது. எழுத்துப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். ரங்கநாயகம் அங்கிள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன், நம்பகமான ஆள் அல்ல. தன் குரல் எது, அடுத்தவர் குரல் எது என்றே தெரியாத ஆள் எப்படி உங்களுக்கு ஊரைக் காட்டுவார்?

கேட்கிறீர்களா, அந்த ரெக்கார்டிங்கை? குரூப்பிலிருந்து நாச்சிமுத்து அங்கிள் அழித்துவிட்டார். நான் என் ஃபோனில் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தாருங்கள், இதைக் காதில் வையுங்கள்... எப்படி? அந்த மூச்சு?... இல்லை, முடியவில்லை, இன்னும் இரண்டு வினாடி இருக்கிறது.

கேட்டுவிட்டீர்களா?

ஏன் ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கொடுக்கிறீர்கள்? நீங்களும் அப்படியே பார்க்கிறீர்களே. அவருக்குத் தெரியாது என்கிறேன். ஃபோன் தள்ளி இருந்தது, நாய் குரைத்தது, அந்த இரண்டு வினாடி அவர் காதில் விழுந்தே இருக்காது. விழுந்திருந்தால் சொல்லியிருப்பார் இல்லையா? யார்தான் சொல்லமாட்டார்கள்? பெயரோடு இருக்கிறதே. தெரிந்தே யாராவது வீட்டுப் பலகையைத் திருப்பி வைப்பார்களா?

சும்மா இருங்கள் அக்கா, நான் ஒன்றும் அழவில்லை. உங்கள் "நெசமாத்தாம்மா"வைப் பழகுகிறேன்.

அதோ, திருச்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பச்சைப் புடவை, முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்திருக்கிறாளே, அவள்தான் அம்மா. நிசப்த நாள் பாலியில் ஒரு நாளில் முடிந்துவிட்டது, அவளுக்கு இது மூணாவது நாள். என்னிடம் ஒரு சொல் இல்லை. யாருமே இல்லை. சாப்பாட்டுத் தட்டு வரும், பாஸ்போர்ட் வரும், பேச்சு வராது. இருபத்தாறு பேரும் அந்த ஊர்ப் பழக்கத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இருங்கள், நாச்சிமுத்து அங்கிள் எண்ணுகிறார். இதைக் கேட்டுவிட்டுப் போங்கள், ரொம்பத் தமாஷாக இருக்கும். தன்னை மறந்துவிடுவார், நானும் இங்கே இருக்கிறேன், இரண்டு ஆள் குறையும், மனுஷன் பதறிப்போவார் பாருங்கள். இருபத்து மூன்று... இருபத்து நாலு...

"இருவத்தஞ்சு. செரிங், எல்லாரும் வந்தாச்சு. நடங்க."

கேட்டீர்களா? கணக்கே தெரியாத மனுஷன்.

போகிறார்கள். அம்மாவும் போகிறாள். இப்போது திரும்புவாள். இல்லை, அந்தத் தூணைத் தாண்டினதும் திரும்புவாள்.

சரி, நான் கிளம்புகிறேன். கொஞ்சம் இருங்கள், அம்மாவை உங்களுக்குப் பண்ணிக் காட்டவே இல்லையே. கேளுங்கள்.

"சம்மு... வாடி கண்ணு. நேரமாச்சு."

எப்படி, அச்சு அசல்தானே?

இதோ வந்துட்டேம்மா.